செம்பாட்டுக் கறை

நான் செய்த வேலைகளில் அதிகம் பேர் கையில் எடுத்துப் பார்த்தது ஒரு கல்வெட்டுத்தான்.

கல்வெட்டு என்றதும் தமிழ்நாட்டு நண்பர்களுக்குத் தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர் நினைவுக்கு வரும். யாழ்ப்பாணத்தில் கல்வெட்டு காகிதத்தில் அச்சாகிறது. ஏ5 அளவு, முதுகில் இரண்டு கம்பி, 24 அல்லது 32 பக்கம். ஒருவர் இறந்து 31ஆம் நாள், காலையில் கீரிமலையில் அந்தியேட்டி முடிந்த பிறகு, வீட்டுக்கிருத்தியத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் வருகிறவர்களின் கையில் கொடுப்பது. இப்போது அட்டையில் 'நினைவு மலர்' என்று போடுகிறோம். ஆனால் அச்சடிக்கக் கொண்டுவருகிறவர்கள் இன்னமும், "ஒரு கல்வெட்டு அடிக்க வேண்டும், பிள்ளை" என்றுதான் தொடங்குவார்கள்.

எனக்கு 27 வயது. கொழும்பில் கிராபிக் டிசைன் படித்து, அங்கேயே ஒரு விளம்பர நிறுவனத்தில் இரண்டு வருடம் இருந்துவிட்டு, கொக்குவிலில் அம்மம்மாவின் வீட்டு முன்னறைக்குத் திரும்பி வந்தேன். கஃபேக்களுக்கு இலச்சினை, ஒடியல் மா பைக்கற்றுக்கு உறை, கலியாண அழைப்பிதழ், யாராவது தேர்தலில் நின்றால் துண்டுப்பிரசுரம் என்று எல்லாம் செய்கிறேன். ஆனால் மின்சாரக் கட்டணத்தையும் இணையக் கட்டணத்தையும் கட்டுவது கல்வெட்டு. சாவுக்கு மந்தகாலம் கிடையாது. இருந்தும், என் வேலைகளைக் காட்டும் இணையப் பக்கத்தில் மூன்று வருடமாக ஒரு கல்வெட்டைக்கூட நான் போடவில்லை. உண்மையைச் சொன்னால் வெட்கம்தான். படித்ததெல்லாம் இதற்கா என்று யாராவது கேட்பார்களோ என்ற வெட்கம். யாரும் கேட்டதில்லை. நானேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சில மாதங்களுக்கு முன், கலை படிக்கும் பிள்ளைகள் சிலரோடு பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பின்வரிசையிலிருந்த ஒரு தங்கச்சி எழும்பி, "அக்கா, உங்களுக்கு ஐடியா எல்லாம் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டாள். "சுற்றியிருக்கிற எல்லாவற்றிலிருந்தும்" என்று புன்னகையோடு சொன்னேன். கைதட்டினார்கள். சைக்கிளில் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கைதட்டல் காதில் குத்திக்கொண்டே வந்தது. ஏனென்றால் அது பொய். என் ஐடியாக்களில் பெரும்பங்கு, இரவு பதினொரு மணிக்குப் பின்டரெஸ்டில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்ததிலிருந்து வந்தது. சுற்றியிருந்த எதையும் நான் சரியாகப் பார்த்ததில்லை என்பதை எனக்குக் காட்டியவர் அம்மம்மா. அதுவும் ஒரு பனைமரத்தை வைத்து.

பனையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் இலச்சினை கேட்டு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பனை கேட்பார்கள். மிச்சப் பேர் யாழ் கேட்பார்கள். நல்லூர்க் கோபுரம் கேட்கிறவர்களும் உண்டு. மூன்றையும் ஒரே வட்டத்துக்குள் கேட்டவர்களும் உண்டு. என் கணினியில் 'பனை' என்று தனிக் கோப்புறையே இருக்கிறது. ஒற்றைப் பனை, இரட்டைப் பனை, சூரியனுக்கு முன்னால் பனை, கோப்பி கோப்பையிலிருந்து ஆவியாக எழும் பனை. கடைசியில் சொன்னதற்காக ஒருநாள் எனக்குத் தண்டனை கிடைக்கும்.

வந்த புதிதில் ஓர் உணவுக் கடைக்காகச் செய்த பனை இலச்சினையைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருந்தேன். அம்மம்மா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்.

"என்ன, தென்னையா?"

"பனை, அம்மம்மா."

"பனையோலை இப்படிக் கீற்றுக் கீற்றாகவா தொங்கும்?"

நான் அதை எங்கோ ஒரு வெளிநாட்டுப் படத்தொகுப்பிலிருந்து எடுத்து, கொஞ்சம் வளைத்து நெளித்திருந்தேன். அது தென்னைகூட இல்லை; ஏதோ ஈச்சை இனம். அம்மம்மா என் கையைப் பிடித்துப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வேலியோரம் ஒரு வடலி, இளம்பனை, நின்றது. நான் பிறந்த நாளிலிருந்து நிற்கிறது. "இதைப் பார்" என்று மட்டையொன்றை இழுத்துக் காட்டினார். ஓலை விசிறியாக விரிந்து, ஒவ்வொரு மடிப்பும் அளந்து மடித்ததுபோல் இருந்தது. மட்டையின் இரண்டு விளிம்பிலும் கறுப்பாக, வாள் பல்லைப்போலக் கருக்கு. மட்டை அடிமரத்தைக் கட்டிப்பிடிக்கும் இடத்தில் இரண்டாகப் பிளந்து கவட்டையாக நின்றது. அம்மம்மா கருக்கில் விரல் வைக்காமல், எந்த இடத்தில் பிடிக்க வேண்டுமோ அந்த இடத்தில் பிடித்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு பிடித்தாலும் அங்கேதான் பிடித்திருப்பார். கடகமும் நீத்துப்பெட்டியும் சுளகும் இழைத்த கை அது. "முன்னுக்கு நின்ற நாலு பனையையும் பங்கருக்குத் தறித்தாகிவிட்டது. இது அப்போது கன்று, தப்பிவிட்டது" என்றார், விலை சொல்வதுபோல.

அந்த இலச்சினையை நான் மாற்றவில்லை. கடைக்காரர் ஏற்கெனவே பணம் கட்டி, பலகையும் எழுதிவிட்டார். இன்றைக்கும் அந்த வீதியால் போகும்போது அந்த ஈச்சை என்னைப் பார்க்கிறது.

திரும்பவும் கல்வெட்டுக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் அச்சகங்களின் தாய்மொழி பாமினி. அது யூனிக்கோடுக்கு முந்திய ஒரு தமிழ் எழுத்துரு. பாமினியில் தட்டிய பக்கத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், 'தமிழ்' என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடக்கும். கொழும்பில் படிக்கும்போது இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். வந்து வேலை செய்யத் தொடங்கியபின் சிரிப்பு நின்றது. அச்சகத்தில் பக்கம் அமைக்கும் அண்ணை பாமினியில் ஒரு பக்கத்தைத் தட்டி முடிக்கும் வேகத்தில், நான் யூனிக்கோடில் பாதி தாண்டியிருக்க மாட்டேன். என் பக்கம்தான் தகராறு: மென்பொருளில் ஒரு சின்ன அமைப்பை மாற்ற மறந்தால், ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றுவிடும். அப்படி அச்சான பெயர்ப்பலகைகளை ஊர் முழுக்கப் பார்க்கலாம். கொம்பு இடம் மாறிய பலகையைப் பார்த்தால் எனக்குப் பல் கூசும். அண்ணைக்கு ஒன்றும் செய்யாது. "அதற்குத்தான் பாமினி" என்பார்.

அவரிடம்தான் பழைய கல்வெட்டுகளைப் பார்க்கப் பழகினேன். 'நூலகம்' என்று ஓர் இணைய நூலகம் 2005இலிருந்து நடக்கிறது; ஈழத்து நூல்கள், இதழ்கள், பத்திரிகைகளோடு நினைவு மலர்களையும் தனி வகையாக எண்ணிமப்படுத்தி வைத்திருக்கிறார்கள். ஒரு மழைநாளில் வேலையில்லாமல் அதற்குள் இறங்கினேன். விடியத்தான் வெளியே வந்தேன். ஈய எழுத்தில் கோத்த பக்கங்கள். தலையில் 'சிவமயம்'. யானைத் துதிக்கைபோல வளைந்து மேலே ஏறும் பழைய லை, னை. ஓரங்களில் சின்னச் சின்னப் பூ அச்சுகளை வரிசையாக அடுக்கி உண்டாக்கிய கரை. ஒரு மூலையில் பூ ஒன்று தலைகீழாக இருந்தது. கோத்தவர் கவனிக்கவில்லையா, அல்லது அந்தப் பக்கம் பூ முடிந்து வேறொன்றைத் திருப்பி வைத்தாரா தெரியாது. அந்தத் தலைகீழ்ப் பூவை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஊருக்கு அச்சு புதிதல்ல. அமெரிக்க மிஷனரிமார் 1841இல் உதயதாரகைப் பத்திரிகையைத் தொடங்கினார்கள். 1849இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் வித்தியானுபாலன யந்திரசாலை என்று அச்சுக்கூடம் போட்டார். அந்தப் பெயரை ஒரே வரியில் அடக்குவதே ஒரு டிசைன் வேலைதான். பிறகு வந்ததெல்லாம் ஊருக்குத் தெரியும். 1981இல் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. 1995இல் போரால் ஊரே இடம்பெயர்ந்தபோது, வீட்டு அலுமாரிகளில் இருந்தவை அலுமாரியோடு போயின. அதற்குப் பிறகும் கல்வெட்டுகள் மிஞ்சியிருக்கின்றன என்றால், யாரோ சிலர் உடுப்புப் பைக்குள் அதையும் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறார்கள். ஏன் என்று யோசித்தால் விடை மிக எளிது. இந்த ஊரில் பலருடைய பெயர் புத்தகமொன்றில் அச்சானது வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான், அதுவும் இறந்தபிறகு. வெங்காயம் செய்தவர், கடகம் பின்னியவர், பஸ் நடத்துனராக இருந்தவர் என்று எல்லோருக்கும் ஒரு நூல்.

உள்ளடக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்தது திதி வெண்பா. முதல் பக்கத்தில் நாலு வரி இருக்கும். இன்ன தமிழ் ஆண்டு, இன்ன மாதம், வளர்பிறையா தேய்பிறையா, எந்தத் திதி, இன்னார் இறைவனடி சேர்ந்தார் என்று வெண்பா இலக்கணத்துக்குள் அடக்கியிருப்பார்கள். ஊரில் ஒரு தமிழ் வாத்தியாரோ ஓய்வுபெற்ற அதிபரோ இதை எழுதிக் கொடுப்பார். நான் முதலில் அதை வெறும் சடங்கு என்று நினைத்து, சின்ன எழுத்தில் ஒரு மூலையில் வைத்தேன். பிறகுதான் ஒரு பெரியவர் விளக்கினார்: வருடா வருடம் திவசம் செய்வதற்குத் திதி தெரிய வேண்டும், திகதி மறந்தாலும், காகிதம் தொலைந்தாலும், வெண்பா வாயில் நிற்கும். அதாவது, அலங்காரம் என்று நான் ஓரம் தள்ளியதுதான் அந்தப் புத்தகத்திலேயே மிகவும் கவனமாக வடிவமைக்கப்பட்ட பொருள். அதன்பிறகு திதி வெண்பாவுக்கு ஒரு முழுப் பக்கம் கொடுக்கிறேன். சுற்றிவர ஒன்றும் வைப்பதில்லை.

மரண அறிவித்தலும் அப்படித்தான். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார் என்று ஒரு வாக்கியம். அடுத்த வாக்கியம்தான் யாழ்ப்பாணத்தின் பெரும் சாதனை. "அன்னார்" என்று தொடங்கும். காலஞ்சென்ற தம்பதிகளின் அன்பு மகனும், மருமகனும், இன்னாரின் அன்புக் கணவரும், அடைப்புக்குறிக்குள் கனடா, இலண்டன், சுவிஸ் என்று நாடு போட்ட பிள்ளைகளின் பாசமிகு தந்தையும், மருமக்களின் மாமனாரும், சகோதரர்களின் சகோதரரும், மைத்துனர்களின் மைத்துனரும் என்று ஊர் உலகமெல்லாம் சுற்றிவந்து, கடைசியில் "ஆவார்" என்று ஒரே ஒரு வினைமுற்றில் இறங்கும். இதை எங்கே உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தமிழ்ச் சொற்கள் நீளம். ஒடுங்கிய பத்தியில் வைத்தால் பல்லுப்போன சீப்பாகிவிடும். ஒருவருடைய பெயர் பாதி மேல் வரியிலும் பாதி கீழ் வரியிலும் வந்தால் அந்த மனிதர் என்னை மன்னிக்க மாட்டார். மரண அறிவித்தலைக் கையில் எடுக்கிற எவரும் இறந்தவரின் பெயருக்கு அடுத்ததாகத் தேடுவது தன் பெயரைத்தான்.

இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன், ஒரு கல்வெட்டில் வரி நகர்த்தும்போது மூன்றாவது மருமகனின் பெயர் உதிர்ந்துவிட்டது. என் பிழை, வேறு யாருடையதும் அல்ல. திருத்தம் பார்த்த குடும்பமும் கவனிக்கவில்லை. 200 பிரதிகள் அச்சாகி, கம்பி அடித்து, பெட்டியில் போட்டபின், 30ஆம் நாள் மாலை தெரியவந்தது. இரவிரவாக அந்தப் பெயரைச் சின்னத் துண்டுகளில் அச்சடித்து, அம்மம்மா வெட்ட, அம்மா பசை பூச, நான் ஒட்டினேன். அதிகாலை மூன்று மணிக்கு அம்மம்மா கேட்டார்: "இந்த மருமகன் நல்ல மனுசனா?" தெரியாது என்றேன். "நல்ல மனுசனாகத்தான் இருப்பார். 200 தரம் ஒட்டுகிறோம்" என்றார். மறுநாள் அந்த மருமகனே வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பிரதியை எடுத்து, தன் பெயரின் மேல் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார், துண்டு உயர்ந்திருந்தது.

அம்மாவைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். கொழும்பில் இருந்தபோது, தட்டுப்பாடு எப்படிப் படைப்பாற்றலை வளர்க்கிறது என்று ஒரு கட்டுரை எழுதினேன். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்து யாழ்ப்பாணம்தான் எனக்கு உதாரணம். ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றி, மெல்லிய திரி போட்ட விளக்கு. சைக்கிள் டைனமோவில் ஓடும் ரேடியோ. கொஞ்சம் பெற்றோல் காட்டிக் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள். சவர்க்காரத்துக்குப் பதில் பனம்பழம். நல்ல மதிப்பெண் கிடைத்தது. பெருமையாக அம்மாவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். மறுபக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அது டிசைன் இல்லை, பிள்ளை. வேறு வழி இல்லை. அந்த விளக்கில் படித்துத்தான் எனக்குக் கண் இப்படி" என்றார்.

அப்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. பொருளாதார நெருக்கடி வந்த 2022இல் புரிந்தது. மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு. காகித விலை ஏறிக்கொண்டே போனது. 32 பக்கம் கேட்டவர்கள் 16 போதும் என்றார்கள். முதுகில் கம்பி அடிக்கிற புத்தகத்தில் பக்கங்கள் நாலு நாலாகத்தான் கூடும், குறையும்; எனவே ஒரு தாத்தாவின் வாழ்க்கையிலிருந்து நாலு பக்கம், பேத்தியின் கவிதையிலிருந்து நாலு பக்கம் என்று வெட்டினேன். மடிக்கணினியின் மின்கலம் செத்தபின் பழைய கடதாசியின் பின்புறத்தில் பென்சிலால் பக்கம் கீறினேன். அம்மா மெழுகுதிரியோடு வந்து பக்கத்தில் வைத்துவிட்டு, "எழுது, தட்டுப்பாடும் படைப்பாற்றலும்" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். அந்தக் காலத்தில் நான் செய்த வேலை எதுவும் நன்றாக இல்லை. அவசரம், பயம், எரிச்சல் எல்லாம் பக்கங்களில் தெரிகிறது. பஞ்சம் பார்த்தவர்களைக் கேட்காமல் பஞ்சத்தைப் புகழ்கிறவர்களை இப்போது கண்டால் நான் எழும்பிப் போய்விடுவேன்.

இனி, தொடக்கத்தில் சொன்ன அந்தக் கல்வெட்டு.

உரும்பிராய்ப் பக்கத்திலிருந்து ஓர் ஆச்சி வந்தார். கையில் ஒரு சொப்பிங் பை. அதற்குள் இன்னொரு பை. அதற்குள் கணவரின் பழைய தேசிய அடையாள அட்டை. வேறு தனிப்படம் இல்லை. கலியாணவீட்டுக் கூட்டப்படங்களில் பின்வரிசையில் பாதி முகமாக நிற்பார்; கமராவைக் கண்டால் தோட்டத்துக்குப் போய்விடுகிற மனிதர். அட்டையிலிருந்த படம் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. கனடாவிலிருக்கும் மகன் ஏற்கெனவே வட்ஸ்அப்பில் சொல்லியிருந்தார்: கோட் போட்ட படமாகச் செய்யவேண்டும்.

இது வழக்கமான வேலை. என் கணினியில் 'உடுப்பு' என்றும் ஒரு கோப்புறை இருக்கிறது. நீலக் கோட், கறுப்புக் கோட், பட்டு வேட்டி சால்வை, கூறைச்சேலை, நூல் சேலை. இறந்தவரின் முகத்தை மட்டும் தந்தால் போதும். கழுத்துக்குக் கீழே எல்லாம் நான் பார்த்துக்கொள்வேன். அந்த நீலக் கோட்டை வலிகாமத்தில் எத்தனை பேர் போட்டுக்கொண்டு சுவரில் தொங்குகிறார்கள் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"அவர் ஒருநாளும் கோட் போட்டதில்லை" என்றார் ஆச்சி.

"அப்படியென்றால் வேட்டி சால்வை போடுவோம், ஆச்சி" என்று திரையில் பட்டுச் சால்வையைக் காட்டினேன்.

அவர் திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். "இது யாருடைய சால்வை?"

இத்தனை வருடத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. யாருடையதோ. எந்த ஊரிலோ எந்தக் கடை விளம்பரத்துக்கோ யாரோ ஓர் ஆள் போட்டுக்கொண்டு நின்றது. நான் வாயைத் திறக்காமல் இருந்தேன். ஆச்சியும் மேலே கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து, அதே பைக்குள் ஒரு சால்வையைத் தோய்த்து மடித்துக் கொண்டுவந்தார். சாதாரண நூல் சால்வை, பச்சைக் கரை.

ஸ்கானர் கண்ணாடியில் அதைப் பகுதி பகுதியாக விரித்து எடுத்தேன். துணியை அப்படி எடுத்தது அதுதான் முதல் தடவை. பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வோர் இழையும் தெரிகிறது. இடையில் ஓர் இழை தடித்து, அடுத்தது மெலிந்து போகிறது. ஒரு மூலையில் மட்டும் வெள்ளை வெள்ளையாக இல்லை. இளஞ்சிவப்பும் காவியும் கலந்த ஒரு நிறம், பரவாமல், இழைகளுக்குள்ளே இறங்கி இருந்தது. உரும்பிராய், கோண்டாவில், நீர்வேலி ஆட்களுக்கு அது என்ன என்று சொல்லத் தேவையில்லை. செம்பாடு, எங்கள் சிவப்புத் தோட்டமண். வெள்ளை உடுப்பில் ஒருமுறை ஏறினால் இறங்காது.

என் கை தன்பாட்டில் வேலை செய்தது. முகத்தில் பரு, சுவரில் வெடிப்பு, துணியில் கறை எதைக் கண்டாலும் அழிக்கப் பழகிய கை. பத்து நிமிடத்தில் சால்வை வெளுத்துவிட்டது. முகத்தைப் பெரிதாக்கி, புள்ளிகளைத் தணித்து, கழுத்தைச் சேர்த்து, சால்வையைத் தோளில் போட்டு அச்செடுத்து வைத்தேன். ஆச்சி வந்து வெகுநேரம் பார்த்தார்.

"முகம் அவர்தான். நல்லாய்ச் செய்திருக்கிறாய்." கொஞ்சம் நிறுத்தி, "சால்வை இவருடையது இல்லையே?"

"ஆச்சி, நீங்கள் தந்ததுதான்."

"இல்லை, பிள்ளை. இவர் தோட்டத்தால் வந்து, கிணற்றடியில் கால் கழுவிவிட்டு, இந்த மூலையால்தான் முகம் துடைப்பார். எத்தனை தரம் தோய்த்தாலும் அந்த மூலை அப்படித்தான் இருக்கும்."

செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பின்னுக்கு எடுத்தேன். கறை திரும்பி வந்தது. ஆச்சி தலையை ஆட்டினார். அவ்வளவுதான். அவர் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

நான் அந்த மூலையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன். கல்வெட்டுக்கென்று ஒரு வார்ப்பு வைத்திருந்தேன்: ஊதா நிற முகில், அதில் மிதக்கும் தாமரை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே ஒளிவட்டத்தோடு ஓம். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டேன். கறுப்போடு ஒரே ஒரு நிறம் மட்டும் போதும், அந்த மூலையின் நிறம் என்று தோன்றியது. தலைப்புகளுக்கு அது, பக்கக் கரைக்கு அது, வம்சவழி மரத்தின் கொப்புகளுக்கு அது.

திரையில் அழகாக இருந்தது, அச்சில் செங்கல்லாக வந்தது. மஜெந்தாவைக் குறைத்தேன், மஞ்சள் மிஞ்சி, கோயில் காவியாகிவிட்டது. கொஞ்சம் சயன் சேர்த்தேன், சேறாகிவிட்டது. மூன்றாம் நாள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு உரும்பிராய்க்கே போய்விட்டேன். ஆச்சியின் வளவுக்குப் பின்னால் தோட்டம். வெங்காயம் கிண்டி முடிந்து வெறுந்தரை. குனிந்து ஒரு பிடி மண் எடுத்து, கொண்டுபோன வெவ்வேறு காகிதங்களில் தேய்த்துப் பார்த்தேன். காய்ந்த மண் ஒரு நிறம், கிணற்றடி ஈரமண் வேறு நிறம். இரண்டும் சால்வையின் நிறம் இல்லை. சால்வையில் இருப்பது மண், வியர்வை, சவர்க்காரம், வெயில் எல்லாம் கலந்த நிறம். பளபளப்பான காகிதத்தில் அது எப்படியும் வராது, மினுங்காத காகிதம் வேண்டும் என்பது மட்டும் அங்கே விளங்கியது. பக்கத்துத் தோட்டத்தில் நின்ற ஒருவர், "மண் பரிசோதனையா? எந்தக் கந்தோர்?" என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அச்சகத்து அண்ணை முதல் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, மற்றக் கலர் எல்லாம் முடிந்துவிட்டதா?" என்றார். பிறகு இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார். "மினுங்காத கடதாசி என்றால் அட்டை தொய்யும். அட்டைக்குத் தடித்த மட்டையாகப் போடு" என்றார். போட்டேன்.

அன்று இரவு கனடாவிலிருந்து அழைப்பு. "தங்கச்சி, எல்லாம் நல்லது. அப்பாவின் சால்வையில் ஊத்தை தெரிகிறதே. அழிக்க மறந்துவிட்டீர்களா?" உங்கள் அம்மாதான் அப்படிக் கேட்டார் என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "இங்கே ஆட்கள் பார்ப்பார்கள்" என்றார். அவரோடு எனக்குக் கோபம் இல்லை; காசு அனுப்புகிறவரும் அவர்தான், வரமுடியாமல் அங்கே இருந்து அழுகிறவரும் அவர்தான். முகநூலில் போடுவதற்கென்று, வெளுத்த சால்வையோடு ஒரு படத்தைத் தனியாக அனுப்பினேன். இரண்டு கோப்பும் என்னிடம் இருக்கின்றன. எதை இணையப் பக்கத்தில் போடுவது என்று இன்னமும் முடிவு செய்யவில்லை.

31ஆம் நாள் பெட்டிகளை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பங்குனி வெயில். பந்தலுக்கு மேல் தகரம், உள்ளே அனல். ஒரு மூலையில் மேசை விசிறி ஒன்று ஐயருக்காக மட்டும் சுழன்றது. ஆச்சி என்னைக் கண்டு, "சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும்" என்று சொல்லி உள்ளே போய்விட்டார். புத்தகத்தைத் திறந்தும் பார்க்கவில்லை. பேரப்பிள்ளைகள் வரிசையாக எல்லோருக்கும் ஒவ்வொரு கல்வெட்டாகக் கொடுத்துக்கொண்டு வந்தார்கள். வாங்கியவர்கள் வம்சவழிப் பக்கத்தைத் திறந்து தங்கள் பெயரைத் தேடினார்கள், கண்டார்கள், மூடினார்கள்.

பிறகு, முதலில் ஒருவர், அடுத்து பக்கத்திலிருந்தவர், கொஞ்ச நேரத்தில் பந்தல் முழுக்க, கல்வெட்டை எடுத்து விசிறத் தொடங்கினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட அட்டைகள், நூற்றுக்கும் மேற்பட்ட சால்வைகள், முகத்துக்கு முன்னால் வந்து வந்து போயின. எனக்குப் பக்கத்தில் இருந்த கிழவர் ஒருவர் நிறுத்தி, அட்டையை விரலால் சுண்டிப் பார்த்தார்.

"யார் அடித்தது? நல்ல மட்டை" என்றார். "நல்ல காற்று வருகிறது."